எடுத்த கல்

எடுத்தது நினைவிருக்கிறது. குனிந்தது, முன்சக்கரத்தின் கீழே கையை விட்டது, கல்லின் அடிப்பக்க ஈரம் விரலில் பட்டு உடம்பு கூசியது, இரண்டு கையாலும் தூக்கியபோது ஆபரேஷன் தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது, எல்லாம் நினைவிருக்கிறது. போட்டதுதான் நினைவில்லை. ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தி, கியரில் விட்டு, கைப்பிரேக்கை அது கத்துகிற வரைக்கும் இழுத்து, இறங்கி, இங்கேயும் ஒரு கல்லைத் தேடிப்பிடித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து நிமிர்ந்த அந்த நிமிஷத்தில்தான் சிந்தாவுக்கு உறைத்தது. மேலே, வளைவில், கையில் கல் இருந்தது. அதற்கப்புறம் கையில் ஸ்டீயரிங் இருந்தது. நடுவில் இருந்ததை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து சீட்டில் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிய கூடைக்குள் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறதா? மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக வந்தது. எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஏரி அசையாமல் கிடந்தது. மேகம் ஒன்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு எதிர்க்கரைப் பைன் மரங்களை இடுப்பு வரைக்கும் முழுங்கியிருந்தது. கண்ணாடியில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியில் சிவப்புப் பொட்டு எரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது பேசும். வந்துட்டியா, என்று கேட்கும். வழி காலியா, என்று கேட்கும். அவள் சொன்னால்தான் மேலே இருக்கிறவர்கள் இறங்குவார்கள்.

அதுதான் அவள் புருஷன் லூர்துவின் தொழில் முறை. வெளியூரிலிருந்து வருகிறவர்களையும் அவர்களுடைய சைக்கிள்களையும் ஜீப்பில் ஏற்றி மலை முகட்டில் கொண்டுபோய் இறக்குவது. சிந்தா காலி ஜீப்பைச் சுற்றுப்பாதையில் ஓட்டிக்கொண்டு கீழே ஏரிக்கு வருவது. வந்து, வழி காலி என்று வாக்கியில் சொன்ன பிறகு அவர்கள் காட்டுக்குள் குறுக்கே ஒற்றைத் தடத்தில் சைக்கிளில் இறங்குவது. கடைசி ஆளாக லூர்து. சைக்கிள் தடமும் ஜீப் பாதையும் ஒரே ஒரு இடத்தில்தான் சந்திக்கும், தேன்பாறை வளைவில். சோலைக்குள்ளிருந்து இருட்டோடு இருட்டாக வருகிற தடம், அங்கே ஆள் உயர மேட்டிலிருந்து அப்படியே ஜீப் பாதையில் குதித்து, பாதையைத் தாண்டி, மறுபக்கம் பைன் காட்டுக்குள் நுழையும். அந்த இடத்தில பிரேக்கைத் தொடாதீங்க, தொட்டாத்தான் விழுவீங்க, சைக்கிளை அது போக்குல விட்ருங்க, என்று இன்றைக்கு மதியமும் முகட்டில் நின்று லூர்து இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் கோபாலரத்தினம், அவர் மகள் மித்ரா. "விழுந்தா என்ன, பல்லு நம்ம கைவசம் இருக்கு" என்றார் டாக்டர். "எங்கப்பாவுக்கு நான் விழணும்னுதான் ஆசை அண்ணா, சீசன் டல்லா இருக்கு, ஒரு கேஸாவது கிடைக்கும்ல" என்றாள் மித்ரா. "உனக்குப் பாதி ஃபீஸ்தான் கண்ணு." "பாத்தீங்களா, சொந்தப் பொண்ணுக்கே பாதிதான் தள்ளுபடி." கிளம்பும்போது அவள் ஜீப்புக்குள் தலையை விட்டுப் பாப்பாவின் காலை ஹெல்மெட்டால் இடித்துக் கொஞ்சினாள். கல்லூரியில் படிக்கிற பெண், முட்டியிலும் முழங்கையிலும் பிளாஸ்டிக் சில்லு கட்டிக்கொண்டு ஆமை மாதிரி இருந்தாள். "அக்கா, நீங்க எங்களப் பாக்குறதப் பாத்தா எனக்கே பயமா இருக்குக்கா. சிரிங்க" என்றாள். சிந்தா சிரித்தாள். சிரித்ததும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் பாதி வழியில் பாப்பா கக்கியது. கக்கியது மூக்கிலும் ஏறி மூச்சுக்குத் திணறியது. நிறுத்த வேண்டியதாகிவிட்டது, நிறுத்திய இடம் தேன்பாறை வளைவாகிவிட்டது. சரிவில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இந்த மலையில் யாரும் இறங்க மாட்டார்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்துப் பள்ளத்துப் பக்கம் எறியாமல் போகிறவனை லூர்து மனிதனாகவே மதிக்க மாட்டான். வேன்காரங்க வச்சிட்டுப் போற கல்லுலதான் பாதி பேருக்குக் கை கால் போகுது, என்பான். வைத்தாள். பாப்பாவைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டி, துடைத்து, சட்டை மாற்றி, கூடையில் கிடத்திக் கட்டி, இறங்கிப்போய்க் கல்லை எடுத்தாள். எடுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

இப்போது ஒன்றுமே இல்லை, என்ற எண்ணம். கல் என் கையில். ஸ்டீயரிங்கில் யாரும் இல்லை. உள்ளே குழந்தை மட்டும். அந்தத் தேய்ந்த கைப்பிரேக் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது விட்டால் ஜீப் என் கண் முன்னாலேயே நகரும், முதலில் மெதுவாக, நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன். பாப்பா பிறந்ததிலிருந்து இந்த ஜீப் எத்தனை முறை உருண்டு போயிருக்கிறது. துணி மடிக்கும்போது போகும், தலை வாரும்போது போகும், கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது போகும். ஏரிக்குள் போய் மூக்கை நீட்டி முங்கும். அப்புறம் கூடை மட்டும் மிதந்து மேலே வரும். காலியாக. அதை நினைத்ததும் ஓடினாள், அவ்வளவுதான், ஓடிவந்து ஏறிவிட்டாள். ஆனால் கல்லோடு ஓடியிருக்க முடியாது. படித்த போர்டிங் பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் ஆன்ம சோதனை செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார். படுக்கும் முன் மண்டியிட்டு, ஜெபமாலை மணியை உருட்டுகிற மாதிரி அன்றைய நாளைப் பின்னாலிருந்து முன்னால் உருட்டிக்கொண்டு போக வேண்டும், எந்த மணியில் விரல் வழுக்குகிறதோ அங்கேதான் பாவம் இருக்கிறது. உருட்டினாள். ஏரி. கடைசி இறக்கம். பாலம். பைன் காடு. ஜீப் கிளம்பிய குலுக்கல். கதவைச் சாத்திய சத்தம். ஓட்டம். அப்புறம் கல், கையில். வழுக்கியது. மறுபடி உருட்டினாள், மறுபடி அங்கேயே வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் எறிந்திருந்தால் உருண்டு போகிற சத்தம் கேட்டிருக்குமே. கேட்டதா? பாப்பா அழுதுகொண்டிருந்ததே. நிற்கிற இடத்திலேயே நழுவ விட்டிருந்தால் காலில் பட்டிருக்கும். செருப்பைப் பார்த்தாள். சேறு இருந்தது. சேறு எல்லா இடத்திலும்தான் இருக்கிறது.

பாப்பாவையே ஒரு நாள் இப்படித்தான் போட்ட இடம் தெரியாமல் போயிற்று. தூக்கியது நினைவிருந்தது, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது நினைவிருந்தது, கிடத்தியது நினைவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் பூண்டுக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். பாப்பா தொட்டிலில் கையைச் சப்பிக்கொண்டு கிடந்தது. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அத்தை வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரியிலிருந்து தொட்டிலை அத்தை தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு வாக்கி. முதலில் தடத்தில் காட்டுமாடு நிற்கிறது என்று கூப்பிட்டாள். அது வெட்டிப்போட்ட வாட்டில் மரம். பாலத்தில் பலகை ஆடுகிறது என்று கூப்பிட்டாள், ஆடவில்லை. ஒரு முறை காரணமே தெரியாமல், நில்லுங்க, நில்லுங்க, இறங்காதீங்க, என்று அழுதாள். எதற்கு என்று அவளுக்கே சொல்ல முடியவில்லை. பெங்களூர்க்காரர்கள் பாதிக் காட்டில் மழையில் நின்றுவிட்டு, ஊருக்குப் போனதும் போனில் அசிங்கமாக எழுதிப்போட்டார்கள். லூர்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சக்கரத்தை மடியில் வைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே, தலை நிமிராமல், மெதுவாகச் சொன்னான். "சிந்தா, இன்னொரு தடவை சும்மா கூப்பிட்டேன்னு வச்சுக்க, நீ ஒரு மாசம் பெரியகுளத்துல உங்கம்மா வீட்டுல இருந்துட்டு வா. நல்லா தூங்கு. டாக்டரம்மா குடுத்த மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு. பாப்பாவை இங்க எங்கம்மா பாத்துக்கும்." "பால்?" என்றாள். "பவுடர் இருக்குல்ல." சக்கரத்தைச் சுழற்றி விட்டு அது நேராக ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். ஓடியது. பால்? பவுடர் இருக்குல்ல. இவ்வளவுதான் பேச்சு. ஒரு மாதம் என்றால் ஒரு மாதமா? ஒரு மாதத்தில் பாப்பாவுக்கு யார் வாசம் பழகும்? மார் வற்றிப்போய்த் திரும்பி வந்து வாசலில் நின்றால், யாரோ ஒரு அக்கா வந்திருக்காங்க, என்று அத்தையின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதா?

"சிந்தா. வந்துட்டியா?" வாக்கி கரகரத்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். பொத்தானை அழுத்தவில்லை. "சிந்தா, கேக்குதா? மேல மேகம் ஏறுது. இப்ப விட்டாத்தான் வெளிச்சத்துல இறங்க முடியும்." பின்னால் மித்ராவின் சிரிப்பு கேட்டது, டாக்டர் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. இப்போது சொல்லலாம். கொஞ்சம் பொறுங்க, வளைவு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன். எதுக்கு? ஒரு கல்லு. என்ன கல்லு? நான் எடுத்த கல்லு. எடுத்துட்டேல்ல? எடுத்துட்டேன். அப்புறம் என்ன? எங்க போட்டேன்னு தெரியல. அந்தக் கடைசி வார்த்தை போதும். தொட்டியில் துழாவியவள் மறுபடி துழாவுகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிடும், மேலே இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவன் மெதுவாக, சரிம்மா, என்பான். அந்தச் சரிம்மாவில் பெரியகுளம் பஸ் கிளம்பிவிடும். போய்ப் பார்த்து அங்கே கல் இல்லாமல் இருந்தால்? இல்லாமல்தான் இருக்கும். இதுவரைக்கும் ஒரு முறையாவது இருந்திருக்கிறதா? காட்டுமாடு இருந்ததா, பலகை ஆடியதா, பாப்பா தொட்டியில் இருந்ததா? பயம் சொன்னது எதுவும் நடந்ததில்லை, உன் பயம் பொய் சொல்லும், அது சொல்றத நம்பாத, என்று திண்டுக்கல் டாக்டரம்மாவே சொன்னாரே. அவள் பொத்தானை அழுத்தினாள். "வந்துட்டேங்க." "வழி?" பாப்பா கூடைக்குள் உதட்டைச் சப்புக்கொட்டியது. "காலி" என்றாள். "வழி காலி. இறங்குங்க." பிறகு லூர்துவின் குரல், கல்யாணமான புதிதில் பேசுகிற மாதிரி, மெத்தென்று. "பாத்தியா, இன்னைக்கு ஒண்ணும் ஆகல. நல்ல பிள்ளை. பாப்பா தூங்குதா? நாங்க வர்றோம்."

நல்ல பிள்ளை. அந்த வார்த்தையை அவள் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். போர்டிங்கில் வெள்ளை சாக்ஸ் அழுக்காகாமல் வைத்திருப்பவளுக்குக் கிடைக்கிற வார்த்தை. இனி அவர்கள் புல்வெளியில் இறங்கிக்கொண்டிருப்பார்கள், முதலில் டாக்டர், நடுவில் மித்ரா, கடைசியில் லூர்து. புல்வெளி முடிந்தால் ஊற்று, ஊற்றைத் தாண்டினால் சோலை, சோலைக்குள் வேர் வேராகக் குதித்துக்கொண்டு வர வேண்டும், சோலை முடிகிற இடத்தில் வெளிச்சம் ஒரு கதவு மாதிரி தெரியும், அந்தக் கதவைத் தாண்டினால் மேடு. இன்னும் நேரம் இருக்கிறது. லூர்துவின் பைக்குள் வாக்கி உயிரோடுதான் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கும், ஒரு விசில் ஊதினால் முன்னால் போகிறவர்கள் நிற்பார்கள். இப்போது ஊற்று. நானே மேலே போய் எடுத்துவிட்டால்? ஆள் இறங்குகிறபோது ஜீப் ஏறக் கூடாது. மேகத்துக்குள்ளிருந்து குதிக்கிறவனுக்கு முன்னால் ஜீப் நின்றால் அது கல்லைவிடப் பெரிய கல். நடந்து போனால் பாதி வழி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பாப்பாவை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது, விட்டுவிட்டுப் போனால் ஜீப் உருளும். இப்போது சோலை. கட்டை விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். அழுத்தினால் சத்தம் வரும். அழுத்தாமல் வைத்துக்கொண்டிருந்தால் அழுத்துவதற்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். செய்த பாவத்தைவிடச் செய்யாமல் விட்ட பாவத்தைத்தான் பிள்ளைகள் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்பார் சிஸ்டர். சிஸ்டர், நான் இன்னும் விடவில்லை, விரல் மேலேதான் இருக்கிறது. கல் எப்படி இருந்தது? பெரியதா? ஒரு பூசணிக்காய் அளவு இருக்குமா? அவ்வளவு இருக்காது. தேங்காய் அளவு. தேங்காயைத் தூக்கினால் தையல் இழுக்குமா? ஏரியில் ஒரு மீன் துள்ளிய வட்டம் பெரிதாகிப் பெரிதாகிக் கரைக்கு வந்தது. மேகம் இந்தக் கரைக்கும் வந்துவிட்டது, ஜீப்பின் மூக்கே மங்கலாகத் தெரிந்தது. அவள் போய்ச் சக்கரத்தடிக் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. கூடைக்குள் கை விட்டாள். மூச்சு. மறுபடி வாக்கி. விரல். பைன் காட்டுக்குள் பிரேக் கீச்சிடுகிற சத்தம் கேட்டது.

டாக்டர்தான் வந்தார். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு அவரும் பக்கத்தில் விழுந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "அம்மாடி! அந்த மேட்டுல குதிச்சப்ப உயிர் வாய்க்கு வந்துட்டுப் போச்சும்மா. பிரேக்கைத் தொடவே இல்லையே நான்! லூர்து கிட்ட சொல்லணும்." அவர் தாண்டிவிட்டார். வளைவைத் தாண்டிவிட்டார். சிந்தா ஜீப்பின் படியில் உட்கார்ந்துகொண்டாள். "அங்க பாதையில கல்லு ஏதாச்சும் கிடந்துச்சா சார்?" "கல்லா?" அவர் எழுந்து உட்கார்ந்தார். "வழி பூரா கல்லுதானேம்மா! எந்தக் கல்லைக் கேக்குற நீ?" அவளும் சிரித்தாள். நிஜமாகவே வந்தது சிரிப்பு. பாருங்க, ஒண்ணும் இல்ல, பயம் பொய் சொல்லியிருக்கு, இந்தத் தடவை நான் நம்பல, கூப்பிடல, நான் நல்ல பிள்ளை. ஃபிளாஸ்க்கைத் திறந்து டாக்டருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார். மித்ரா சின்ன வயதில் சைக்கிள் பழகியபோது காந்திபுரத்தில் ஒரு இளநீர் வண்டியைக் கவிழ்த்த கதையைச் சொன்னார். சொல்லி முடித்தும் யாரும் வரவில்லை. "என்ன, ராஜகுமாரி போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கிறாங்களோ?" என்றார். டீயை ஆறவிட்டார். காட்டைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். மேகத்துக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இலையிலிருந்து இலைக்கு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் எழுந்து நின்றார். ஆறிய டீயை மண்ணில் ஊற்றினார். "ரொம்ப இடைவெளி விடாதன்னு சொன்னேனே" என்றார், அவளிடம் இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாக்கி பேசுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. காலில் பட்டது. ஆமாம், கல் செருப்பின் ஓரத்தில் உரசிக்கொண்டு விழுந்தது, விழுந்து மேட்டுப் பக்கம் அரை உருட்டு உருண்டது, அவள் அதைப் பார்க்காமல் ஓடினாள். இவ்வளவு நேரம் விரலுக்குச் சிக்காமல் எங்கே இருந்தது இந்த மணி? "சிந்தா" என்றான் லூர்து. மூச்சு வாங்கியது. "ஜீப்பை எடுத்துக்கிட்டு மேல வா. வளைவுக்கு. மெதுவா வா. சார் கிட்ட ஒண்ணும் சொல்லாத." வாக்கியைச் சத்தமாகத்தான் வைத்திருந்தாள். டாக்டர் பக்கத்திலேயேதான் நின்றார்.

இங்கே வைத்த கல்லை எடுத்து ஏரிக்குள் எறிந்தாள். விழுகிற வரைக்கும் பார்த்தாள். பாப்பாவின் கூடை டாக்டரின் மடியில் இருந்தது, அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார், பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. வளைவில் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. மேட்டுக்குக் கீழே சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது. மித்ரா மல்லாந்து கிடந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, லூர்துவின் ஜெர்கின் அவள் மேல் போர்த்தியிருந்தது. கண் திறந்திருந்தது. "அப்பா" என்றாள். டாக்டர் கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி ஓடினார். "அசையாத கண்ணு, அசையாத." "அசையலப்பா. பல்லெல்லாம் இருக்கு, பாரு." சிரிக்கப் பார்த்தாள். "காலுதான்ப்பா. எங்க இருக்குன்னே தெரியல." லூர்து அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் காலடியில் கல் இருந்தது. தேங்காயைவிடப் பெரியது, பூசணிக்காயைவிடச் சின்னது, ஒரு பக்கம் சக்கரத்தின் கரி அப்பியிருந்தது. அவன் எழுந்து, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஜீப்பிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்ட வேண்டும் என்று இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், டாக்டருக்குக் கேட்காத குரலில், உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவன் மாதிரி கேட்டான்: "இதுக்கு ஏன் சிந்தா கூப்பிடல?" அவள் வாயைத் திறந்தாள். நீங்க சொன்னீங்களே, என்பதைச் சொல்லாமல் மூடிக்கொண்டாள். "பின்சீட்டுப் பலகையைக் கழட்டணும்" என்றான் அவன். "பலகையில வச்சுத்தான் தூக்கணும்." நகர்ந்தவன் நின்றான். ஜீப் சரிவில் நிற்பதைப் பார்த்தான், சீட்டில் கூடை இருப்பதைப் பார்த்தான். திரும்பி வந்து குனிந்து, கையிலிருந்த அந்தக் கல்லையே பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டுப் போனான்.